பசி தீர்ந்து வந்த அட்டைகள்

என் இடக்கையில் பெருவிரல் இல்லை. பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "மெசினிலயோ போனது?" என்றுதான். ஓம் என்று சொல்லிவிடுவேன். அட்டைக்கு விருந்து வைத்ததால் போனது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். நம்பினாலும் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களின் பல்லைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருகோணமலையில் துறைமுகப் பக்கம் போகிற தெருவொன்றில் இருந்த சின்ன அச்சகத்தில் நான் அச்சுக் கோர்க்கும் வேலை செய்தேன். கோயில் நோட்டீஸ், மரண அறிவித்தல், கடைகளின் பற்றுச்சீட்டு, இவைதான் எங்கள் இலக்கியம். இடக்கையில் ஒரு சிறிய இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் ஈய எழுத்துகளைப் பொறுக்கி அதில் வரிசையாக நிறுத்த வேண்டும். நிறுத்திய எழுத்துகள் சரியாமல் கடைசி எழுத்தை அமத்திப் பிடித்திருப்பது இடக்கைப் பெருவிரல். பொறுக்குவதற்கு எந்த விரலும் உதவும். அமத்திப் பிடிக்க அந்த ஒரு விரல்தான் இருக்கிறது.

அந்த வேலை எனக்குச் சோற்றுக்கு மட்டும் வேண்டியதாக இருக்கவில்லை. "மாட்டன்" என்று சொல்லுவதற்கும் வேண்டியிருந்தது. மூதூரில் கட்டிக்கொடுத்த என் அக்கா, ஒரு பெண்பிள்ளையை விட்டுவிட்டுக் காய்ச்சலில் செத்துப்போனாள். ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு அம்மா தொடங்கிவிட்டார். அத்தானுக்கு என்னைக் கட்டிவைக்க வேண்டும், பிள்ளை பிறத்தியாள் கையில் வளரக் கூடாது. எனக்கு முப்பது தாண்டியிருந்தது. அப்பா இல்லை, அண்ணன் தம்பி என்றும் எவரும் இல்லை. அக்கா கிணற்றில் விழுந்தால் தங்கையையும் தள்ளிவிட்டு, குடும்பம் சிதறாமல் காப்பாற்றினோம் என்று சொல்லுகிற ஊர் எங்கள் ஊர். மாதம் தவறாமல் சம்பளம் கொண்டுவந்து வைக்கிற மகளை அம்மாவால் தள்ள முடியவில்லை, அவ்வளவுதான்.

அத்தானுக்கும் இதில் விருப்பமில்லை. அவர் வயல்காரர். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். பிள்ளையை அம்மம்மாவுக்குக் காட்டிவிட்டுத் திரும்பிப் போகிற ஒரு நாள், மூதூருக்குக் கடல் கடக்கிற லோஞ்சுக்காக இறங்குதுறையில் காத்து நிற்கும்போது அவராகவே சொன்னார்.

"மச்சாள், கோவிக்கவேண்டாம். உம்மை நான் தங்கச்சியாத்தான் நினைச்சனான். எங்கட பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிற ஒரு ரீச்சர்... அவவும் புருசன் செத்தவதான்."

"அப்ப ஏன் நிக்கிறீங்க? போய்க் கேளுங்கோவன்."

"மாமி மனம் நோவா. கொஞ்சம் பொறுத்துக் கேப்பம்."

இதுதான் அத்தான். ஒருவரின் மனமும் நோகக் கூடாது, ஒரு நாயும் பட்டினி கிடக்கக் கூடாது. நான் என் பக்கம் "மாட்டன்" என்று நிற்பது, அவர் தன் பக்கம் சாட்டுச் சொல்லி நாளைக் கடத்துவது என்று இருவரும் அன்றைக்குப் பேசி வைத்துக்கொண்டோம். லோஞ்சு வந்ததும் சிரித்துக்கொண்டு ஏறிப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு நாள், அச்சகத்தில் கடதாசி வெட்டுகிற மெசினில் வேலை செய்தவர் வரவில்லை. தேர்த்திருவிழா நோட்டீஸ் மாலைக்குள் போக வேண்டும் என்று முதலாளி என்னை அதில் நிற்கச் சொன்னார். எனக்குப் பழக்கமில்லை என்றேன். "பழக்கமென்ன, மாங்காய் வெட்டுற மாதிரித்தானே" என்றார். கடதாசிக் கட்டை நேராக்க இடக்கையை உள்ளே விட்ட நேரம் அலகு இறங்கியது. விரல் முழுதாகப் போகவில்லை. உள்ளங்கைப் பக்கம் ஒரு துண்டுத் தோலிலும் சதையிலும் தொங்கிக்கொண்டிருந்தது. முதலாளி முதலில் இழுத்து எடுத்தது நோட்டீஸ் கட்டை. அதில் இரத்தம் பட்டுவிடுமாம்.

ஆஸ்பத்திரியில் அப்போது இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய ஒரு டொக்டர் இருந்தார். வேறு யாராக இருந்தாலும் அந்தத் தோலையும் நறுக்கிவிட்டுக் கட்டுப்போட்டு அனுப்பியிருப்பார்கள். இவர் வெகுநேரம் குனிந்திருந்து விரலைப் பொருத்தித் தைத்தார். மறுநாள் காலையில் அது நாவற்பழ நிறத்தில் வீங்கிக் கிடந்தது.

"தொங்கின தோலோட ஒரு ரத்தக்குழாய் தப்பியிருக்கு. அதால வாற ரத்தம் வருது," என்றார் டொக்டர். "திரும்பிப் போற வழிதான் இல்ல. அது தானா வளர்ந்து வரக் கொஞ்ச நாள் எடுக்கும். அதுவரைக்கும் தேங்கிற ரத்தத்தை ஆராவது உறிஞ்சி எடுக்கவேணும். இல்லையெண்டால் விரல் அழுகிப்போம்."

"ஆர் உறிஞ்சிறது?" என்று கேட்டேன்.

"அட்டை," என்றார். இங்கிலாந்தில் அவர் இருந்த ஆஸ்பத்திரியில் இதற்கென்றே அட்டை வளர்த்தார்களாம்.

அம்மாவுக்கு வந்த ஆத்திரத்தைப் பார்க்க வேண்டும். "கப்பலேறிப் போய்ப் படிச்சது இதையோ? எங்கட ஊர்ப் பரியாரியார் கோவணத்தோட இருந்து செய்த வைத்தியத்தைத்தானே!" என்று வார்ட் முழுக்கக் கேட்கச் சொன்னார். டொக்டர் காதில் விழாதவர் போல் போய்விட்டார்.

வார்டில் வேலை செய்த ஒரு கிழவர், நகருக்கு வெளியே குளத்தில் பிடித்து ஒரு ஜாம் போத்தலில் கொஞ்சம் கொண்டுவந்தார். தாதி மிஸ்ஸிமார் தொடமாட்டார்கள். விரலைச் சுற்றித் துணியைப் போட்டு, நடுவில் ஒரு துளை வைத்து, அந்தக் கிழவர்தான் ஒன்றை எடுத்து விட்டார். விட்டுக்கொண்டே, "அட்டையைப் பிடிச்சு மெத்தையில வைச்சாலும் செத்தையைத்தான் தேடுமெண்டு சொல்லுறவை. இது பாருங்கோ, மெத்தையிலயே சீவிக்குது" என்றார். பக்கத்து வார்டிலிருந்தெல்லாம் பெண்கள் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி ஓங்காளித்துக்கொண்டே கடைசிவரை நின்று பார்த்தாள். கோயில் திருவிழாவுக்குக்கூட அவள் அவ்வளவு நேரம் நின்றிருக்கமாட்டாள்.

எனக்கு நோகவில்லை. அந்த விரலில் உணர்வே இருக்கவில்லை. ஆனால் அட்டை குடிக்கக் குடிக்க நிறம் மாறியது. கருநீலம் வெளுத்து, நகத்தின் அடியில் சிவப்பு வந்தது. அட்டை பருத்துத் தானாகக் கழன்று விழுந்த பிறகும் கடிவாயிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. அதுவும் நல்லதுதான், கசியட்டும் என்றார் டொக்டர். எந்த உயிர்மேலும் நான் அவ்வளவு ஆசை வைத்ததில்லை. அடுத்ததை எப்போது விடுவார்கள் என்று போத்தலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். குடித்து முடித்தவற்றைக் கிழவர் ஸ்பிரிட்டில் போட்டுக் கொன்றார். வயிறு நிறைந்த அட்டை மறுபடி கடிக்காது, அதை வைத்திருந்து பயனில்லை என்று விளக்கமும் சொன்னார்.

முதலாளி பார்க்க வந்தார். ஒரு பைக்கற் பிஸ்கற், முகத்தில் அளவான சோகம். என் கைக்கட்டை அவிழ்க்கும்போது கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். விரலில் சிவப்பைக் கண்டதும், சொன்னால் நம்பமாட்டீர்கள், அவருக்கு முகம் கறுத்தது.

"அவசரமில்லை பிள்ளை, ஆறுதலா வாங்கோ. அதுவரைக்கும் ஒரு பிள்ளையைப் பிடிச்சு வேலைக்கு வைச்சிருக்கிறன். உங்கட பாதிச் சம்பளத்துக்கு வேலை செய்யிறாள்," என்றார். பிறகு, "விரல் வந்தால் உங்கட இடம் உங்களுக்குத்தான்" என்று ஒரு வார்த்தையையும் வைத்துவிட்டுப் போனார். வந்தால்.

அடுத்த நாள் மழை கொட்டியது. குளம் பெருகி, கிழவர் வெறும் போத்தலோடு திரும்பி வந்தார். விரல் மறுபடி நீலம் பாரிக்கத் தொடங்கியது. மூதூரில் வயலெல்லாம் அட்டைதானே, மருமகனுக்குச் சொல்லியனுப்புவோம் என்று அம்மாதான் சொன்னார். லோஞ்சில் போகிற ஒருவரிடம் டொக்டர் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டோம்: நிறைய வேண்டும், உயிரோடு வேண்டும், ஒரு காயமும் படக் கூடாது, முக்கியமாக உப்போ சுண்ணாம்போ புகையிலையோ போட்டுக் கழற்றக் கூடாது. வயலில் அட்டை கடித்தால் எங்கள் ஆட்கள் வேறு ஒன்றும் செய்யமாட்டார்கள். மடியிலிருக்கிற வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு வைப்பார்கள். அது துடித்து விழும். அதைச் செய்யவேண்டாம் என்று ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லிவிட்டோம். பசியோடு அனுப்பு என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் அத்தான் வந்தார். சாரத்தை முழங்காலுக்குக் கீழே இறக்கிக் கட்டியிருந்தார். கையில் பெரிய ஊறுகாய்ப் போத்தல், வாயில் துணி கட்டியிருந்தது. உள்ளே அட்டைகள். நான் என் கண்ணால் அவ்வளவு கொழுத்த அட்டைகளைப் பார்த்ததில்லை. ஒவ்வொன்றும் என் விரலுக்கு மேல் தடிப்பு. எனக்குச் சந்தோசத்தில் கண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு பெரிய அட்டை எவ்வளவு குடிக்கும் என்று கணக்குப் போட்ட மடைச்சி நான்.

கிழவர் ஒன்றை எடுத்து விரலில் விட்டார். அது சுருண்டு படுத்தது. இன்னொன்றை விட்டார். அது மெல்ல நெளிந்து துணிக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டது. ஊசியால் குத்தி ஒரு துளி இரத்தம் வரவைத்துப் பார்த்தார். சீனித்தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒன்றும் வாய் வைக்கவில்லை. டொக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் போத்தலைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதெல்லாம் குடிச்சிட்டுது. எங்க பிடிச்சனீங்கள்?"

"வாய்க்காலில, ஐயா. கால விட்டு நிண்டால் வந்து ஒட்டும்."

"ஒட்டினவுடன எடுக்கேல்லையோ?"

"சுண்ணாம்பு போடவேண்டாம் எண்டு சொன்னவை. இழுத்தால் வாய் அறுந்துபோகுமே ஐயா. தானா விழுமட்டும் விட்டனான்." கொஞ்சம் நிறுத்தி, வெட்கப்பட்டுச் சொன்னார்: "அதோட, இவ்வளவு தூரம் வந்து ஒரு வேலை செய்யவேண்டியதுகள். பசியோட அனுப்ப மனம் வரேல்ல."

டொக்டர் குனிந்து அத்தானின் சாரத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பார்த்தார். கால் முழுக்கத் துணி சுற்றியிருந்தது. துணியெல்லாம் சிவப்பு. கடிவாய்கள் இன்னும் கசிந்துகொண்டிருந்தன. ஒரு போத்தல் அட்டைக்கும் அந்த மனிதர் விடியற்காலையிலிருந்து தண்ணீரில் நின்று தன் இரத்தத்தையே கொடுத்திருக்கிறார்.

"இனி இது கனநாளைக்குக் கடிக்காது," என்று டொக்டர் என்னிடம் சொன்னார். அத்தானிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நான் சொன்னேன். அந்தக் காலைப் பார்த்த பிறகும் சொன்னேன்.

"உங்கட நல்ல மனத்தால என்ர விரல் போகப்போகுது. உங்களிட்டப் பாவம் பார்க்கச் சொல்லி ஆர் கேட்டது?"

அவர் பசியோடு இருக்கிறவற்றைக் கொண்டுவருகிறேன் என்று கிழவரிடம் சொல்லிவிட்டு ஓடினார். இறங்குதுறையில் கடைசி லோஞ்சு போய்விட்டிருந்தது. கடல் கொந்தளிப்பு, தோணிக்காரர் ஒருவரும் சம்மதிக்கவில்லை. கிண்ணியாப் பக்கமாகத் தரைவழியே போனால் துறைக்குத் துறை ஆற்றைக் கடத்திவிடுகிற பாதைப் படகுக்குக் காத்து நிற்க வேண்டும். அந்த வழியால்தான் போயிருக்கிறார். மறுநாள் பொழுது சாய்கிற நேரம் போத்தலோடு வந்து நின்றார். காலில் சேறு, முகம் வெளிறிக் கிடந்தது. உள்ளே மெலிந்த, கயிறு போன்ற அட்டைகள், போத்தல் சுவரில் ஏறி ஏறித் தவித்துக்கொண்டிருந்தன.

விரல் அதற்குள் கறுத்திருந்தது. இருந்தாலும் கிழவர் ஒன்றை விட்டார். அட்டை விரலின் நுனியில் தலையை வைத்துத் தடவியது. நகத்தைத் தாண்டியது, தையலைத் தாண்டியது, உள்ளங்கைக்கு வந்ததும் நின்று, உயிருள்ள சதையில் நறுக்கென்று கடித்தது. அந்தக் கடி மட்டும் எனக்கு நொந்தது. டொக்டர் அதைப் பார்த்தார். செத்ததை அட்டை தொடாது என்று கிழவர் சொல்ல வாயெடுத்தார். டொக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். மறுநாள் காலையில் விரலை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

புண் ஆறியதும் அச்சகத்துக்குப் போனேன். சட்டத்தை மற்ற மூன்று விரல்களுக்குள் இடுக்கி, கடைசி எழுத்தைச் சுட்டுவிரலை மடக்கி அமத்திப் பார்த்தேன். ஒரு வரி நின்றது. இரண்டாவது வரியில் எல்லாம் சரிந்து நிலமெங்கும் கொட்டியது. முதலாளி கதிரையை விட்டு எழும்பாமல், "பாவம், விடுங்கோ" என்றார். அந்தப் புதுப்பிள்ளை வந்து என் காலடியில் முழந்தாளிட்டு எழுத்துகளைப் பொறுக்கினாள். ஒவ்வொன்றையும் அதனதன் அறையில் சரியாகப் போட்டாள். கைவேகமும் நல்ல வேகம். அவளைக் கன்னத்தில் அறைய வேண்டும் போல் இருந்தது எனக்கு.

வீட்டில் அம்மா புதுக்கதை தொடங்கினார். "கெடுத்தவன்தான் கட்டவேணும்." அந்தச் சொல்லை எந்தக் காரியத்துக்கு ஊரில் சொல்லுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா அதை விரலுக்குச் சொன்னார், எங்கள் தெருவும் தலையாட்டியது. மூதூரிலும் அதே பேச்சு. அவனாலதானே அந்தப் பிள்ளை முடமாகி நிக்குது, இனி ஆர் அவளை எடுப்பான், அவன்தானே பார்க்கவேணும் என்று அத்தானின் சொந்தக்காரர்களே சொன்னார்களாம். இதுவரை சாட்டுச் சொல்லித் தப்பிய மனிதருக்குச் சாட்டுச் சொல்ல வாயில்லாமல் போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். அம்மா வேண்டுமென்றே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். பெருவிரல் இல்லாத கைக்குள் மீன் நிற்காது. வழுக்கி வழுக்கிச் சாம்பலில் விழுந்தது. அவர் வாசலில் நின்று அதைப் பார்த்தார். உதவி செய்யக் கை நீட்டி, என் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

"மச்சாள், நான் ஒரு வழி யோசிச்சனான்," என்றார் மெதுவாக. "இண்டைக்கு மாமி வந்தவுடன நான் முறையாக் கேக்கிறன், உம்மைக் கட்டித் தரச்சொல்லி. நீர் ஏலாது எண்டு சொல்லும். நான் கேட்டிட்டன், நீர்தான் மாட்டன் எண்டிட்டீர். பிறகு ஊரில ஒருத்தரும் ஒரு கதை கதைக்க ஏலாது. உமக்கும் கரைச்சல் இல்ல, எனக்கும் இல்ல."

"ரீச்சருக்குச் சொல்லியாச்சோ?"

"ஓம். அவவும் இதுதான் நல்லதெண்டவ. ஆவணியில கலியாணத்தை எழுதுவம் எண்டு கதைச்சு வைச்சிருக்கிறம்." சொல்லும்போது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை அக்கா இருந்த காலத்திலும் நான் கண்டதில்லை. "நீர் எப்படியும் மாட்டன் எண்டுதானே சொல்லுவீர். உம்மைப் பற்றி எனக்குத் தெரியாதோ?"

நான் மீனைக் கழுவினேன். அம்மாவின் பெட்டியில் இருந்த கடைசி நகை போன கிழமைதான் அடகுக்குப் போயிருந்தது. முதலாளி தெருவில் கண்டால் மறுபக்கம் பார்க்கத் தொடங்கியிருந்தார். தையல் பழகப் போன இடத்தில், துணியை எந்தக் கையால் பிடிப்பாய் என்று கேட்டுச் சிரித்திருந்தார்கள். இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மனிதர் அழுதிருப்பார், மாதாமாதம் ஒரு மூட்டை நெல்லும் அனுப்பியிருப்பார். அவர் பாவம் பார்ப்பது இன்னொரு தடவை எனக்கு வேண்டாம் என்றிருந்தது.

அம்மா கோயிலால் வந்து திருநீறு பூசிவிட்டுக் கதிரையில் இருந்தார். பிள்ளை என் மடியில் ஏறிக்கொண்டது. அத்தான் எழுந்து நின்று, பாடமாக்கியதை ஒப்புவிக்கிறவர் போல், என்னைக் கட்டித் தரச் சொல்லிக் கேட்டார். சொல்லி முடித்ததும் என் பக்கம் திரும்பி, நான் சொல்லப்போகிற சொல்லுக்காக முகத்தை ஆயத்தமாக வைத்துக்கொண்டு நின்றார்.

"ஓம்," என்றேன்.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அத்தான் நின்றபடியே நின்றார். நான் தவறிச் சொல்லிவிட்டேன், திருத்துவேன் என்று அவர் காத்திருந்தது எனக்கு விளங்கியது. நான் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். நல்ல மனிதர், எல்லோர் முன்னும் கேட்டுவிட்டு, இல்லையென்று சொல்லி என் மனதை நோகடிக்க அவரால் முடியாது. அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னேன்.

"அப்ப நாள் பார்க்கச் சொல்லுறன்," என்றார் அத்தான்.